லினக்ஸுக்குத் துண்டு போட்ட கதை

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்த மூலை, அதற்கு முன்னால் பருத்திக்கொட்டை மூட்டை இருந்த மூலை. மூட்டையை எடுத்துப் பல மாதம் ஆன பிறகும் வாசம் போகவில்லை. பெட்டி ஓடிச் சூடாகும்போது அந்த வாசமும் கூடவே எழும்பும். இப்போதும் யாராவது கம்ப்யூட்டர் என்றால் எனக்கு முதலில் பருத்திக்கொட்டைதான் ஞாபகத்துக்கு வருகிறது. திரையெல்லாம் அப்புறம்தான்.

நான் மாட்டுத் தரகு பார்த்தவன். ஆண்டிபட்டிப் பக்கத்து மானாவாரிக் காட்டு மாடும் தெரியும், கம்பம் பக்கத்து நஞ்சை மாடும் தெரியும். வாங்கிய மாட்டை ஓட்டிக்கொண்டு குமுளி மலை ஏறியிருக்கிறேன். மலைக்கு அந்தப் பக்கம் பேரம் பேசுகிற அளவுக்கு மலையாளம் வரும், சண்டை போடுகிற அளவுக்கு வராது. பள்ளிக்கூடம் போனதில்லை. பஸ் போர்டைப் பார்த்துத்தான் எழுத்துக் கூட்டினேன். 'தேனி' சின்னது, சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. 'உத்தமபாளையம்' பிடிபட ரொம்ப நாள் ஆயிற்று. படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும். எழுத வராது. அதனால் இங்கே பேச்சு என்னுடையது, எழுத்து வேறொரு கையுடையது.

கம்ப்யூட்டரை வாங்கி வந்தவன் என் மகன். ஜீப் ஓட்டுகிறவன். ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போகிற பெண்களைக் காலையில் கம்பமெட்டு வழியாக மேலே கொண்டுபோய் விடுவான், சாயங்காலம் இறக்கிக் கொண்டுவருவான். தேனியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரை மூடியபோது பழைய பெட்டி ஒன்றைச் சல்லிசாகப் பிடித்து, ஜீப்பில் சாக்கு விரித்து, பிள்ளைத்தாய்ச்சியைக் கூட்டி வருவதுபோல மெதுவாக ஓட்டி வந்தான். படம் பார்க்க, பாட்டுக் கேட்க என்றுதான் வாங்கினான். ஆனால் அந்தப் பெட்டிக்கு வேலை கொடுத்தது என் மருமகள்.

மருமகளுக்குப் பிறந்த ஊர் ஆண்டிபட்டி. தறி வீடு. அவள் தறியில் உட்காராமல் டைப் படித்தாள். கல்யாணத்துக்கு முன்னால் அங்கே ஒரு கடையில் நோட்டீஸ், பத்திரிகை எல்லாம் டைப் செய்து கொடுத்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு கை சும்மா இருந்தது. பெட்டி வந்ததும் கம்பத்தில் அச்சாபீஸ் வைத்திருந்த ஒரு பாய் கேள்விப்பட்டு, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கோவில் நோட்டீஸ் என்று கொடுத்தனுப்ப ஆரம்பித்தார். இவள் வீட்டில் இருந்தே தட்டி, விரல்நீளக் குச்சி ஒன்றில் ஏற்றிக் கொடுத்துவிடுவாள். பென்டிரைவ் என்பார்கள்.

அவள் தட்டுகிற சத்தம் எனக்குப் பிடிக்கும். ஓட்டுக்கூரை மேல் தூறல் விழுகிற மாதிரி. என் வீட்டுக்காரி அடுப்படியில் இருந்தபடியே சொல்லுவாள், "இப்பப் பேரு அடிக்கிறா. இந்தா, இப்பத் தேதி அடிக்கிறா, கை நின்னு நின்னு போகுது பாருங்க." பெரும்பாலும் சரியாக இருக்கும். மருமகள் அதிகம் பேசாத பிள்ளை. தட்டி முடித்து எழுந்து வருகிற அன்றைக்கு மட்டும் நாலு வார்த்தை கூடப் பேசுவாள், சோற்றைக் கொஞ்சம் கூடப் போட்டுச் சாப்பிடுவாள். நான் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். மாடு தீவனம் எடுக்கிறதைப் பார்த்தே அதன் மனசைச் சொல்லுகிற தொழில் என்னுடையது. அந்த வேலை போனால் இவள் சுணங்கிப்போவாள் என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பெட்டிக்குத்தான் சீக்கு வந்தது. வைரஸ் என்றார்கள். மகனின் ஜீப் கூட்டாளிகள் பாட்டு ஏற்றிக் கொடுக்கிற குச்சியெல்லாம் அதில்தான் சொருகுவார்கள். எந்தக் குச்சியில் வந்ததோ. திரை நடுவில் நின்றுவிடும். ஒருவர் வந்து சுத்தமாக அழித்து, பெட்டியை ஓட்டுகிற விண்டோஸ் என்பதை மறுபடி போட்டுவிட்டுப் போவார். ஒரு மாசம் நன்றாக இருக்கும், மறுபடி நொண்டும்.

இந்தச் சமயத்தில்தான் என் மச்சினன் மகன் வந்தான். தேனியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவன். பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, இதக் கட்டிக்கிட்டு அழுக வேணாம். விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்ருவோம். வைரஸ் அண்டாது" என்றான். பையிலிருந்து மூன்று சி.டி. எடுத்து வைத்தான். வெளிநாட்டிலிருந்து தபாலில் வந்ததாம். எழுதிப் போட்டால் சும்மா அனுப்புவார்களாம்.

"சும்மாவா?" என்றேன்.

"சும்மாதான் மாமா."

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்று ஒரு பழமொழி இருக்கிறது. அது கொடுக்கிறவன் சொல்லிவைத்தது என்பது என் கட்சி. தரகன் யார் கொடுத்தாலும் பல்லைப் பார்ப்பான்.

"மூணு எதுக்குலே?"

"உள்ள ஓடுறது ஒரே சரக்குத்தான் மாமா. மேல இருக்கிற அலங்காரம்தான் வேற வேற. இது உபுண்டு. இது குபுண்டு. இது சுபுண்டு."

என் வீட்டுக்காரி தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டுச் சிரித்தாள். "என்னடா இது, ஒரு வீட்ல மூணு பயலுக்குப் பேரு வச்ச மாதிரி இருக்கு. அண்ணன் தம்பியாடா?"

"அப்படித்தான் அத்தை வச்சுக்கங்க. மூத்தவன் சாந்தம். நடுலவன் பகட்டு. சின்னவன் ஒல்லி, ஆனா சுறுசுறு."

ஒவ்வொன்றையும் போட்டுக் காட்டினான். முதலாவது திரை முழுக்க மண் நிறம். எங்கள் கரிசலும் இல்லாமல் செவலும் இல்லாமல், மழை பெய்து காய்ந்த மண் மாதிரி. எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. இரண்டாவது நீலம். எதையாவது அமுக்கினால், அது திறக்கிற வரைக்கும் அம்புக்குறிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் படம் கன்றுக்குட்டி மாதிரி துள்ளிக்கொண்டே இருக்கும். மகன் அதிலேயே விழுந்துவிட்டான். மூன்றாவதில் ஒரு எலிப் படம், மற்றபடி பெரிய அலங்காரம் இல்லை; அமுக்கினால் சட்டென்று வந்தது.

"எதப் போடட்டும்?" என்றான் மச்சினன் மகன்.

மகன் "நீலம்" என்றான். நான் "பொறு" என்றேன். எங்கள் பக்கத்தில் உழவு மாட்டை வாங்கினால் சந்தையிலேயே முடித்துவிடுகிற வழக்கம் இல்லை. வீட்டுக்கு ஓட்டிவந்து ஏரில் பூட்டிப் பார்ப்போம். வலது பக்கம் கட்டிப் பார்ப்போம், இடது பக்கம் மாற்றிப் பார்ப்போம். படுத்துக்கொள்கிறதா, முட்டுகிறதா, கூட்டு மாட்டோடு ஒத்து நடக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பேச்சை முடிப்போம். பிடிக்காவிட்டால் கயிற்றோடு திருப்பி ஓட்டிவிடலாம், யாரும் கோபப்பட மாட்டார்கள். ஒருதடவை கோம்பையில் ஒரு மாடு, சந்தையில் சாது, எங்கள் காட்டுக்கு வந்ததும் வாய்க்காலைக் கண்டால் தாண்டமாட்டேன் என்று நின்றுவிட்டது. தண்ணீர் வாய்க்கால் இல்லாத ஊரில் வளர்ந்தது. அதற்கு நாங்கள் என்ன செய்ய? கயிற்றைக் கொடுத்துவிட்டோம்.

மச்சினன் மகனுக்கு என் பேச்சு ஒத்துப்போயிற்று. "இதுலயும் அப்படிப் பண்ணலாம் மாமா. பெட்டிக்குள்ள போடாம, சி.டி.ய வச்சே ஓட்டிப் பாக்கலாம். ஒரு வாரம் ஓட்டுங்க. பெட்டிக்கு ஒன்னும் ஆகாது. எதுவும் அதுல தங்காது" என்றான். மருமகளின் டைப்ரைட்டர் விரலுக்கு ஏற்ற மாதிரி தமிழ் எழுத்தையும் எப்படி வரவைப்பது என்று அவளுக்குக் காட்டிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டான்.

எதுவும் தங்காது என்று அவன் சொன்னதை வீட்டில் நாங்கள் எல்லோருமே நல்ல வார்த்தையாகத்தான் எடுத்துக்கொண்டோம். மாடு வந்துபோன தொழுவத்தில் ஒன்றும் தங்காத மாதிரி, பெட்டியில் கறை படாது என்று.

முதல் இரண்டு நாள் சாயங்காலம் மகன் நீலத்தை ஓட்டினான். ஜீப் கூட்டாளிகள் வந்து, துள்ளுகிற படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். அப்புறம் மருமகளுக்கு முறை. அவள் ஒல்லியான அந்தச் சின்னவனைப் போட்டாள். பாய் அன்று காலையில் மாரியம்மன் கோவில் பொங்கல் நோட்டீஸ் கொடுத்தனுப்பியிருந்தார். கோவில் நோட்டீஸ் லேசான வேலை இல்லை. நன்கொடை கொடுத்தவர் பெயர், வகையறா, பட்டப்பெயர், யாருக்கு முன்னால் யார் என்று எல்லாம் இருக்கிறது. ஒரு பெயர் மாறினால் பொங்கலன்று பானைக்கு முன்னால் சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். அவள் காலையிலிருந்து தட்டினாள். அவ்வப்போது பத்திரப்படுத்தியும் வைத்தாள். திரையிலேயே ஒரு சின்னக் காகிதப் படமாக அது இருந்தது, எனக்கும் காட்டினாள்.

கரண்டு அப்போதெல்லாம் சொல்லாமல் போகும். போயிற்று. அவள் பதறவில்லை. "பத்திரமா வச்சிருக்கேன் மாமா" என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்காய் நறுக்கப் போனாள். கரண்டு வந்தது. சி.டி. சுற்றியது, எலி வந்தது. திரை புதுசாக, துடைத்துவைத்த மாதிரி இருந்தது. அந்தக் காகிதம் இல்லை. அவள் தேடினாள். நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கூடத் தேடினேன், என்னவோ நான் கண்டுபிடித்துவிடுவேன் என்பதுபோல.

மச்சினன் மகனுக்குப் போன் போட்டோம். "அக்கா, நான்தான் சொன்னேனே, அணைச்சா எதுவும் தங்காதுன்னு" என்றான்.

நான் போனை வாங்கினேன். "ஏலே, டிரையல் மாடுன்னாலும் உழுத உழவு உழுததுதானடா? மாட்டத் திருப்பிக் கொடுத்தா உழவு மூடிக்கிருமா?"

"இதுல மூடிக்கிரும் மாமா" என்றான் பாவமாக.

பாய் சாயங்காலம் வந்தார். அவர் மேல் குற்றம் இல்லை. நோட்டீஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு, "பரவாயில்லம்மா, நான் கம்பத்திலயே அடிக்கச் சொல்லிக்கிறேன். உங்க மிஷின் சரியானதும் சொல்லி அனுப்புங்க" என்று மொபெட்டை உதைத்தார். அவர் திட்டியிருந்தால்கூட மருமகளுக்கு லேசாக இருந்திருக்கும். அன்றைக்கு அவள் சோறு சரியாக உண்ணவில்லை. மறுநாளிலிருந்து காலையில் பெட்டிப் பக்கமே போகவில்லை. மேலே ஒரு துணியைப் போட்டு மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் மகன் வந்தான், நிரந்தரமாகப் போட்டுவிட்டுப் போக. "சொல்லுங்க, எது?"

மகன் நீலத்தை விடவில்லை. "மாப்ள, அத நம்ம இஷ்டத்துக்கு மாத்தலாம்டா. கலரு, பொத்தானு, எல்லாம். மத்ததெல்லாம் சப்புன்னு இருக்கு."

நான் மண் நிறம் என்றேன். வீட்டுக்காரி, "எழுத்து பெருசா தெரியிறது எதுவோ அதப் போடுங்கடா, எனக்குக் கண்ணு தெரியல" என்றாள். அவள் அதுவரை அந்தப் பெட்டியைத் தூசி தட்டியதோடு சரி.

மச்சினன் மகன், "அக்கா, நீங்கதான அதுல வேலை பாக்குறவுக. நீங்க சொல்லுங்க" என்றான்.

"எதுனாலும் சரிதான் தம்பி. அவுக சொல்றதயே போடுங்க."

"பாத்தியா?" என்றான் மகன்.

எனக்கு அந்தப் பதில் சரியாகப் படவில்லை. சந்தையில் வாயால் சொல்லுகிற விலையை நாங்கள் நம்புவதில்லை. சுற்றி நிற்கிறவன் காதுக்காகச் சொல்லுகிற விலை அது. அதனால்தான் கை மேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுகிறோம். துண்டுக்குள் அப்பனும் இல்லை, அண்ணனும் இல்லை, விரல்தான். விரல் பிடித்தால் ஒரு விலை. விரலே கொடுக்காமல் கையை மூடிக்கொண்டால், 'எனக்கு இந்த வியாபாரமே வேண்டாம், ஆளை விடு' என்று அர்த்தம்.

தோளில் கிடந்த துண்டை எடுத்தேன். "சண்டை வேணாம். துண்டு போட்டுப் பாப்போம். உபுண்டுன்னா ஒரு விரல், குபுண்டுன்னா ரெண்டு, சுபுண்டுன்னா மூணு."

மச்சினன் மகன் விழுந்து விழுந்து சிரித்தான். "மாமா, உலகத்துல எவனும் லினக்ஸ இப்படித் தேர்ந்தெடுத்திருக்க மாட்டான்."

"உலகத்துல எவனுக்கும் எங்கப்பா மாதிரி அப்பன் வாய்க்கல" என்றான் மகன். ஆனால் கையை நீட்டினான். துண்டுக்குள் என் இரண்டு விரலைப் பிடித்து நசுக்கினான், நீலம்தான் என்று.

மருமகள் கையை நான் பிடிக்கமுடியாது. வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன். தரகன் பெண்டாட்டிக்கு அந்தப் பாஷை தெரியும்; கல்யாணமான புதிதில், கூட்டத்தில் பேச முடியாதபோது என் வேட்டி மறைவில் அவள் விரலைப் பிடித்துத்தான் 'வீட்டுக்குப் போவோமா' என்று கேட்பேன். அதை இங்கே ஏன் சொல்கிறேன் என்று தெரியவில்லை. வந்துவிட்டது, இருக்கட்டும்.

அவள் மருமகள் பக்கத்தில் போய் உட்கார்ந்து துண்டைப் போட்டாள். "கொடு ஆத்தா கைய. வெக்கப்படாத."

துண்டு கொஞ்ச நேரம் அசையவில்லை. வீட்டுக்காரி என்னை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"ஏங்க, கைய மூடிட்டா."

மச்சினன் மகனுக்குப் புரியவில்லை. "மூடிட்டான்னா எந்த நம்பரு?"

மகனுக்குப் புரிந்தது. சின்ன வயசில் என்னோடு சந்தைக்கு வந்தவன். "என்னடி? வேலையவே விட்டுர்றேங்கிறியா?"

மருமகள் துண்டுக்குள்ளிருந்து கையை எடுக்காமலே பேசினாள். அத்தை கையைப் பிடித்துக்கொண்டதால் பேச வந்ததோ என்னவோ. "எதப் போட்டாலும் எனக்கு ஒன்னுதாங்க. பழசுலயும் சாயங்காலம் வந்து எல்லாத்தயும் இடம் மாத்திப்புடுவீக. காலையில உக்காந்தா என் எழுத்து எங்கன இருக்கு, என் பேப்பரு எங்கன இருக்குன்னு தேடுறதுலயே பாதி வேலை போயிரும். புதுசுலயும் இப்பவே கலரு, பொத்தானு மாத்தணுங்கிறீக. உங்க பெட்டி, நீங்க ஆசைப்பட்டு வாங்கினது. நான் என்ன சொல்ல முடியும்? பாய்ட்ட வேணாம்னு சொல்லிர்றேன்."

"நான் என்ன உன்னயத் தட்ட வேணாம்னா சொன்னேன்?"

"சொல்லல."

"பின்ன?"

வீட்டுக்காரி குறுக்கே விழுந்தாள். "பின்ன என்னடா பின்ன? உன் ஜீப்ப ஒருத்தன் சாயங்காலம் எடுத்து சீட்டு, கண்ணாடி, கியரெல்லாம் மாத்தி வச்சிட்டுப் போனா, காலையில நீ பொம்பளைகள ஏத்திக்கிட்டு மலை ஏறுவியா?"

ஜீப்பின் கண்ணாடியை யார் தொட்டாலும் கத்துகிறவன் அவன்.

மச்சினன் மகன் மூன்று சி.டி.யையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான். "மச்சான், ஒரே ஒண்ணத்தான் தேர்ந்தெடுக்கணும்னு இல்ல. நான்தான் மொதல்லயே சொல்லியிருக்கணும். ஒரே பெட்டிக்குள்ள மூணையும் வச்சிரலாம். ஆளுக்கொரு பேரு. உள்ள போறப்ப அவுகவுக பேரச் சொல்லிப் போனா, அவுகவுக வச்ச எடத்துல எல்லாம் இருக்கும். நீங்க நீலத்துல என்ன ஆட்டம் ஆடினாலும் அக்காவோடது அசையாது."

"அசையவே அசையாதா?" என்று கேட்டாள் மருமகள். அன்றைக்கு அவள் முதன்முதலாக அவன் முகத்தைப் பார்த்துக் கேட்ட கேள்வி.

"அசையாதுக்கா. கரண்டு போனாலும் நீங்க பத்திரப்படுத்தினது இருக்கும். இது டிரையல் இல்ல."

மூன்றையும் சேர்த்துப் போட இன்டர்நெட் வேண்டும் என்றதால், மறுநாள் மகன் பெட்டியை ஜீப்பில் ஏற்றித் தேனிக்குக் கொண்டுபோனான். ஏலக்காய்ப் பெண்களைத் தோட்டத்தில் இறக்கிவிட்ட பிறகு, அதே சாக்கை விரித்து. திரும்பி வந்தபோது பெட்டியைப் போட்டதும் யார் என்று பெயர் கேட்டது. எனக்கும் ஒன்று போட்டிருந்தார்கள். மண் நிறத்தில், பெரிய எழுத்தில். நானும் வீட்டுக்காரியும் அதை எப்போதாவது திறந்து, திறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு மூடுவோம். மகனுக்கு அவன் துள்ளுகிற நீலம். மருமகள் தன்னுடையதில் எலிப் படத்தையும் எடுத்துவிட்டாள். வெறும் சாம்பல் நிறம், ஓரமாக அவள் காகிதங்கள்.

அதற்குள் போக ஒரு ரகசியச் சொல் வேண்டும். அவள் தனியாக உட்கார்ந்து அதைத் தட்டினாள். எங்கள் வீட்டில் பீரோ சாவிகூட ஆணியில்தான் தொங்கும்.

"என்ன வச்ச?" என்று மகன் கேட்டான்.

அவள் சிரித்தாள், சொல்லவில்லை.

"அம்மா, பாரும்மா, எனக்கே சொல்ல மாட்டேங்கிறா."

"உனக்குச் சொல்லாம இருக்கத்தானடா அது" என்றாள் வீட்டுக்காரி.

பாய்க்குச் சொல்லி அனுப்பினோம். அவர் உடனே வரவில்லை. வேறு ஆளிடம் கொடுத்துப் பழகியிருந்தார். முகூர்த்த மாதம் வந்தது. கம்பத்தில் டைப் செய்கிறவர்களுக்கெல்லாம் கை நிறைய வேலை. ஒருநாள் காலையில் மொபெட் சத்தம் கேட்டது. மகன் வாசலில் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் கயிறு திரித்துக்கொண்டிருந்தேன். பாய் கல்யாணப் பத்திரிகைக் கட்டு ஒன்றை நீட்டினார்.

"தம்பி, இத வாங்கி வச்சுக்கங்க. நாளைக்கே முடிஞ்சிருமா? உங்க மிஷின்ல இப்ப ஒன்னும் அழியாதுல்ல?"

மகன் ஈரக்கையை வேட்டியில் துடைத்தான். காகிதத்தை வாங்கவில்லை.

"அவளக் கேளுங்க பாய். எனக்கு அதுக்குள்ள போக வழி தெரியாது."

மருமகள் உள்ளேயிருந்து வந்தாள். கட்டை வாங்கி ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்தாள், எவ்வளவு பெயர் இருக்கிறது என்று.

"நாளைக்கு முடியாது பாய்" என்றாள். "வெள்ளிக்கிழமை வாங்க."

பாய் சரி என்று மொபெட்டைத் திருப்பினார்.